மாங்காய் ‘பாக்காய்’ ஆகும் இடம்

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். உரக்க ‘மாங்காய்’ என்று சொல்லுங்கள். ‘பாக்காய்’ என்றுதானே வருகிறது? ‘நண்டு’ என்று சொல்லுங்கள். ‘தட்டு’ மாதிரி கேட்கும். ‘அம்மா’ கிட்டத்தட்ட ‘அப்பா’ ஆகிவிடுவார். ஆனால் ‘கப்பல்’, ‘பட்டு’, ‘வரிசை’ இவையெல்லாம் மூக்கை எவ்வளவு இறுக்கினாலும் மாறாது.

ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய ஆறு மெல்லின எழுத்துகளுக்கும் மூக்கு வழியே காற்று போயாக வேண்டும். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலில் மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு என்று இருக்கிறது. அவருக்குப் பல நூற்றாண்டு முந்திய தொல்காப்பியருக்கும் இது தெரியும். கருவி எதுவும் இல்லாத காலத்தில், தங்கள் வாயையும் மூக்கையும் உற்றுக் கவனித்தே நம் இலக்கணக்காரர்கள் இதைச் சொன்னார்கள்.

சில பிள்ளைகள் மூக்கைப் பிடிக்காமலே ‘பாக்காய்’ என்பார்கள். ஒரு நாள், இரண்டு நாள் சளி பிடித்தபோது மட்டுமல்ல, வருஷம் முழுக்க அப்படித்தான் பேசுவார்கள். வாய் எப்போதும் பாதி திறந்திருக்கும். ராத்திரியில் குறட்டை விடுவார்கள். கூப்பிட்டால் இரண்டாவது, மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார்கள். வகுப்பில் அவர்களுக்கு ‘மந்தம்’ என்றோ ‘தூங்குமூஞ்சி’ என்றோ யாராவது பெயர் வைத்திருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகவும்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் எந்த ஊரிலும் இருப்பார்கள். நாம் ஹைதராபாத்தின் வடமேற்கில் இருக்கும் பாலாநகரிலிருந்து தொடங்குவோம். லேத் பட்டறைகளும் அலுமினியப் பட்டறைகளும் சின்னச் சின்ன தொழிற்கூடங்களும் நெருக்கமாக நிற்கும் பகுதி. 1960களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற அரசு மருந்து ஆலை இங்கே வந்தது. அந்த ஆலையில் வேலை பார்த்த அஞ்சி ரெட்டிதான் பிறகு, 1984இல், டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். ஹைதராபாத் இன்று மருந்து நகரமாக இருப்பதற்கு வேர் பாலாநகரில்தான் இருக்கிறது. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் இதே பாலாநகரில் உண்டு. ஏறக்குறைய 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை வைத்து வயலையும் காட்டையும் வெள்ளத்தையும் அங்கே ஆராய்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பூமியைப் பார்க்க முடிகிறது. ஆனால் அதே பாலாநகரில் ஒரு பிள்ளையின் மூக்குத் துளையிலிருந்து விரல் நீளத்தில் இருக்கும் ஒரு சதையை, கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் பார்க்க முடியாது. அதன் பெயர் அடினாய்டு.

வாயை ‘ஆ’ என்று திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரண்டு பக்கமும் தெரிகிற சதை உருண்டைகள் டான்சில்கள். (‘உள்நாக்கு வளர்ந்திருக்கிறது’ என்று வீட்டில் சொன்னால், பெரும்பாலும் அவர்கள் சொல்ல வருவது டான்சிலைத்தான்.) அடினாய்டு இவற்றுக்கும் மேலே, அண்ணத்துக்குப் பின்னால் மறைந்து, மூக்குப் பாதை முடிந்து தொண்டை தொடங்கும் கூரையில் ஒட்டியிருக்கிறது. மூக்கிலிருந்து வரும் வழியும், தொண்டைக்குப் போகும் வழியும், இரண்டு காதுகளுக்கும் போகும் குழாய்களும் அந்த இடத்தில்தான் சந்திக்கின்றன. 2021 ஜூலையில் மேம்பாலம் திறப்பதற்கு முன்னால் பாலாநகர் நாற்சந்தியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நடுவில் ஒரு லாரி நின்றுவிட்டால் எந்தப் பக்கத்து வண்டியும் நகராது. அடினாய்டு வீங்கினால் அதே கதைதான். மூச்சு, பேச்சு, காது, தூக்கம் நான்கும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் வில்ஹெல்ம் மேயர். கோபன்ஹேகனில் அவரிடம் ஓர் இளம்பெண் வந்தார். காது சரியாகக் கேட்கவில்லை, மூக்கடைப்பு தீரவில்லை, பேச்சு மழுங்கியிருக்கிறது. காதுக்குள் பார்த்தவர்கள் காதோடு நின்றிருந்தார்கள். மேயர் தன் விரலை அந்தப் பெண்ணின் வாய்க்குள் விட்டு, அண்ணத்தின் பின்புறமாக மேலே வளைத்துத் தடவிப் பார்த்தார். மெத்தென்று ஒரு சதைக்கூட்டம் விரலில் பட்டது. அதை எடுப்பதற்கு வளையம் போன்ற ஒரு சின்னக் கத்தியையும் தானே வடிவமைத்தார். 1868இல் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பரிசோதித்தார். படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்டிருந்த சில பிள்ளைகளுக்கு உண்மையில் குறைந்திருந்தது கேட்கும் திறன்தான், மூளை இல்லை என்று அதற்குப் பிறகுதான் உலகம் புரிந்துகொண்டது. அவர் இறந்த மூன்றாம் ஆண்டு, 1898இல், கோபன்ஹேகனில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்க்கத் துணிந்ததற்கு அது தகும் என்றே நான் நினைக்கிறேன்.

அடினாய்டு வேண்டாத சதை என்று நினைத்துவிடாதீர்கள். டான்சில்கள், நாக்கின் பின்பகுதியில் இருக்கும் இன்னொரு சதைத்திட்டு, அடினாய்டு எல்லாம் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் போல் அமைந்திருக்கின்றன. 1884இல் இதை விவரித்த ஜெர்மானியர் வால்டேயரின் பெயரால் அதை வால்டேயர் வளையம் என்கிறோம். (குரோமோசோமுக்கு அந்தப் பெயரை வைத்ததும் இதே வால்டேயர்தான்.) மூச்சோடு உள்ளே வரும் கிருமிகள் இந்தச் சதையின் மடிப்புகளில் சிக்கும். அங்கே இருக்கும் வெள்ளை அணுக்கள் அவற்றைப் பரிசோதித்து, அடுத்த முறைக்காக நினைவில் வைத்துக்கொள்ளும். பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் தினம் ஒரு புதுக் கிருமி வரும். அதனால் அடினாய்டுக்கு வேலை அதிகம், வளர்ச்சியும் அதிகம். மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்குள் அது பெரிதாக இருக்கும். பிறகு மெல்லச் சுருங்கி, பதின்பருவத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பெரியவர்கள் பெரும்பாலானோருக்கு அது இருக்காது.

அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் வழியை அடைக்கும் அளவுக்கு வீங்குகிறது? அடிக்கடி வரும் சளி ஒரு காரணம். பல பிள்ளைகளிடம் அதோடு கைகோத்து நிற்பது அலர்ஜி.

அலர்ஜியையும் சளியையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சளி என்றால் காய்ச்சல் வரலாம், உடம்பு வலிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அலர்ஜிக்குக் காய்ச்சல் கிடையாது. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், தண்ணீர் போல மூக்கு ஒழுகல், மூக்கிலும் கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். அரிப்புத் தாங்காமல் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் மேல் குறுக்காக ஒரு கோடு விழுந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? அது அலர்ஜி போட்ட கோடு. கண்ணுக்குக் கீழே கருவளையமும் இருக்கலாம்.

அலர்ஜி எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு, நடந்த கதை. ஜெர்மனியில் ஓட்டோ கியூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஆகாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அவருடைய நண்பர் கார்ல் பிராஸ்னிட்ஸ் மீன் சாப்பிட்டால் எதுவும் ஆகாது. 1921இல் அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கியூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு துளியைப் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஓரிடத்தில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். அடுத்த நாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றினார். அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது! மற்ற இடத்தில் ஏற்றினால் ஒன்றுமில்லை. நண்பரின் அலர்ஜி, ஒரு துளி சீரத்தோடு இவருடைய தோலுக்குக் குடிவந்துவிட்டது. அப்படியானால் ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது எது? அதைப் பிடிக்க இன்னும் 45 வருஷம் ஆயிற்று. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆராய்ச்சி செய்த கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோவும் 1966இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களும் தங்கள் தோலிலேயே சோதித்துப் பார்த்தவர்கள்தான். ஐ.ஜி.இ. என்பது அந்தப் பொருளின் பெயர். (நீங்கள் யாரும் இப்படி ஊசி போட்டுப் பார்க்க வேண்டாம். அவர்கள் தெரிந்து செய்த மருத்துவர்கள்.)

ஒரு தீங்கும் செய்யாத மகரந்தத்தையோ தூசியையோ உடம்பு எதிரி என்று தப்பாக எடுத்துக்கொண்டு ஐ.ஜி.இ. தயாரிக்கிறது. அது மூக்கின் உள்தோலுக்கு அடியில் இருக்கும் ‘மாஸ்ட் செல்’ என்ற அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். சில நிமிடங்களில் அரிப்பு, தும்மல், ஒழுகல். சில மணி நேரம் கழித்து வீக்கம், அடைப்பு. டேனியல் போவே என்ற விஞ்ஞானி 1937இல் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் மருந்தை உருவாக்கினார். 1957இல் நோபல் பரிசு பெற்றார். இன்று தும்மலுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையும் சிரப்பும் அந்த வழியில் வந்தவை.

பாலாநகரின் காற்றில் என்னவெல்லாம் இருக்கிறது? பட்டறைகளில் இரும்பைத் தேய்க்கும்போது பறக்கும் பொடி, லாரிப் புகை, ரோட்டுப் புழுதி. இவை பெரும்பாலும் அலர்ஜியை உண்டாக்குபவை அல்ல. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் மூக்கை இன்னும் எரிய வைப்பவை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை தரையோரத்துக் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், அதற்கு மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக மூடிக்கொண்டிருக்கும். அதனால் புகை மேலே போகாமல் தாழ்ந்தே நிற்கும். அந்த மாதங்களில் மூக்கடைப்பு கூடுவதில் ஆச்சரியம் இல்லை.

காலி மனைகளில் மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கு மேலும், வெள்ளைப் பொடிப்பூவோடு ஒரு செடி மண்டும். நாம் பார்த்தீனியம் என்கிறோம். தெலுங்கில் வய்யாரிபாமா. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களில் புணேயில் கவனிக்கப்பட்டு, பிறகு தக்காணம் முழுக்கப் பரவிவிட்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதன் மகரந்தம் மூக்குக்கு ஆகாது, இலை பட்டால் சிலருக்குத் தோலுக்கும் ஆகாது. கிரிக்கெட் பந்து அதற்குள் போனால் வெறும் கையால் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள்.

ஆனால் மிகப் பெரிய காரணம் வெளியில் இல்லை, உங்கள் தலையணையில் இருக்கிறது. தூசி உண்ணி. எட்டுக் காலும் வெள்ளை உடம்பும் உள்ள உயிர், நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். ஊசிமுனைப் புள்ளி அளவு; ஒளி ஊடுருவும் உடம்பு என்பதால் கண்ணில் படாது. கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து தினமும் உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. தண்ணீர் குடிக்க அதற்கு வாய் வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மழைக்காலம் அதற்குக் கொண்டாட்டம். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, கம்பளி, கரடி பொம்மை எல்லாம் அதன் ஊர். ஓர் உண்ணி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 எச்ச உருண்டைகள் போடும். அந்த எச்சத்தில் இருக்கும் புரதம்தான் தும்ம வைக்கிறது. வீட்டுத் தூசி ஏன் சிலரைத் தும்ம வைக்கிறது என்ற கேள்விக்கு இந்த உண்ணிதான் விடை என்று 1964இல் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ராத்திரி முழுக்க முகத்தைத் தலையணையில் புதைத்துத் தூங்குகிறவனுக்கு விடிந்ததும் தும்மல் வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஆகவே படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். 60 டிகிரி சூட்டில் உண்ணி பிழைக்காது. மெத்தையை வெயிலில் காயப்போட்டுத் தட்டுங்கள், தட்டும் வேலையை அலர்ஜி இருக்கும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழுந்து மறுபடி அங்கேயே உட்காரும், ஈரத்துணியால் துடையுங்கள். இன்னொன்றை வீட்டில் பாட்டியிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். தலைக்குக் குளித்ததும் போடும் சாம்பிராணிப் புகை சளியை எடுக்கும் என்று பாட்டி நம்புவார். அன்போடுதான் செய்கிறார். ஆனால் வீங்கிய மூக்குக்கு எந்தப் புகையும் ஆகாது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, சிகரெட் எல்லாம் ஒரே கணக்குதான். ‘பாட்டி, தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டிவிடுங்கள், அது போதும்’ என்று சொல்லுங்கள்.

இப்போது காதுக்கு வருவோம். நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் வருகிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழாய் என்கிறோம். எச்சில் விழுங்கும்போது காதில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அந்தக் குழாய் திறக்கும் சத்தம்தான் அது. சின்னப் பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் இருக்கும், எளிதில் அடைபடும். பெருத்த அடினாய்டு அதன் வாயை அடைத்தால் நடுச்செவிக்குக் காற்று போகாது. மெல்லப் பசை போன்ற திரவம் உள்ளே சேரும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வடியாது. அதனால் யாருக்கும் தெரியாது. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை வகுப்பில் நாள் முழுவதும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். டீச்சர் சொன்ன ‘பதினேழு’ அவனுக்குப் ‘பதினேழா’, ‘பதினாறா’ என்று தெரியாது. டி.வி. சத்தத்தைக் கூட்டிவைக்கிறான் என்று வீட்டில் திட்டு வேறு.

ராத்திரி இன்னும் மோசம். மல்லாந்து படுத்ததும் மிச்சமிருந்த வழியும் குறுகும். குறட்டை ஓங்கி எழும், திடீரென்று நிற்கும், சில நொடி மூச்சே இருக்காது, பிறகு திணறி ஒரு பெரிய மூச்சு. மூளை ஒவ்வொரு முறையும் பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து உடம்பைக் காப்பாற்றுகிறது. ஆழ்ந்த தூக்கம் கிடைக்காது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது அந்த ஆழ்ந்த தூக்கத்தில்தான் என்பதால் சில பிள்ளைகள் உயரமும் எடையும் கூடாமல் நிற்பார்கள். படுக்கையில் சிறுநீர் போவதும் உண்டு. தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். பிள்ளைகள் பலர் அதற்கு நேர்மாறாக, ஓரிடத்தில் உட்காராமல், எதிலும் மனம் நிற்காமல், எடுத்ததற்கெல்லாம் எரிச்சல்படுவார்கள். ‘சேட்டை’ என்று அதற்கும் அடி விழும். இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

டாக்டர் என்ன செய்வார்? கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார், அல்லது நுனியில் கேமரா உள்ள மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கு வழியே விட்டுப் பார்ப்பார். மேயர் விரலால் தடவிப் பார்த்ததை இன்று திரையில் நீங்களே பார்க்கலாம். காது கேட்கும் அளவையும் சோதிப்பார்கள். பல பிள்ளைகளுக்கு அறுவை தேவைப்படாது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே அலர்ஜி வீக்கத்தையும் அடினாய்டையும் குறைக்கும். பயமுறுத்தும் பெயர்தான், மூக்குக்குள் மட்டும் வேலை செய்யும் சிறிய அளவு மருந்து அது. ஆனால் பலரும் அதைத் தப்பாக அடிக்கிறார்கள். தலையை அண்ணாந்து வைத்தால் மருந்து நேரே தொண்டைக்குப் போய்விடும். தலையைச் சற்றே குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனையை நடுச்சுவரைப் பார்த்து வைக்காமல், அதே பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். ‘ஸ்ஸ்’ என்று பலமாக உறிஞ்ச வேண்டாம், மெல்ல மூச்சு இழுத்தால் போதும். முதல் நாளே பலன் தெரியாது. டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் அடிக்க வேண்டும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு வகை. அதைச் சில நாட்களுக்கு மேல் விட்டால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

மருந்துக்கு மசியவில்லை, தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, காதில் திரவம் மாதக்கணக்கில் வற்றவில்லை என்றால் அடினாய்டை எடுத்துவிடுவார்கள். வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது, வாய் வழியாகவே எடுப்பார்கள். அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி போய்விடுமோ என்று அம்மாக்கள் கவலைப்படுவார்கள். வால்டேயர் வளையத்தின் மற்ற சதைகளும் உடம்பெங்கும் இருக்கும் நிணநீர்க் கணுக்களும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அடினாய்டை எடுத்தால் அலர்ஜி போகாது. தலையணை உறையைத் துவைப்பதும் தூசியைத் துடைப்பதும் அதற்குப் பிறகும் தொடர வேண்டும்.

அறுவையின்போது மயக்க மருந்து கொடுப்பார்கள். அதில் ஹைதராபாத்துக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1888இலும் 1889இலும், நிஜாம் மஹபூப் அலி கான் பணம் தர, எட்வர்ட் லாரி என்ற அறுவை மருத்துவர் அங்கே குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தை ஆராயும் குழுக்களை நடத்தினார். நூற்றுக்கணக்கான விலங்குகள் அந்தச் சோதனைகளில் இறந்தன. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குளோரோஃபார்ம் இதயத்தை நேராகத் தாக்காது என்ற அவர்கள் முடிவு பின்னால் தவறு என்று தெரிந்தது. மயக்கத்தில் இருப்பவரின் மூச்சை விடாமல் கவனிக்க வேண்டும் என்ற அவர்களின் பாடம் மட்டும் இன்றும் நிற்கிறது. ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் படித்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி நோயாளிகளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து வந்தார். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். இன்று அடினாய்டு அறுவையில் பிள்ளையின் மூச்சும் இதயத் துடிப்பும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் ஒவ்வொரு நொடியும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தத் திரையை விட்டுக் கண் எடுக்காமல் ஒரு மருத்துவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டியில் அரசு காது மூக்கு தொண்டை மருத்துவமனையே இருக்கிறது. எந்த ஊரானாலும், டாக்டரிடம் போவதற்கு முந்தின ராத்திரி ஒரு வேலை செய்யலாம். தம்பியோ தங்கையோ நன்றாகத் தூங்கிய பிறகு, அப்பாவின் போனை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் முகமும் நெஞ்சும் தெரியும்படி இரண்டு நிமிடம் சத்தத்தோடு வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது யாரும் குறட்டை விடுவதில்லை. மூச்சு எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது என்பதை அந்த வீடியோ அவருக்குக் காட்டிவிடும்.